பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழம்

போன மாதம் என் மகளுடைய கார் சான்பாடா சிக்னலில் சூடேறி நின்றுவிட்டது. வாஷியில் அவள் வழக்கமாக விடும் காரேஜுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் சும்மா இருக்கிற கிழவன்தானே, நானும் கூடப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். மராத்திக்காரர், மரியாதையான மனிதர். ஒரு சின்னக் குப்பியிலிருந்து மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை ரேடியேட்டர் தண்ணீரில் கலந்தார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு ஒரு நீல விளக்கை எடுத்து உள்ளே அடித்தார். ரப்பர் குழாய் ஒன்றின் மூட்டில் பளிச்சென்று மின்னியது. "தேக்கோ சாச்சா, இதர் லீக் ஹை" என்றார், பாருங்க பெரியவரே, இங்கேதான் ஒழுகுது என்று.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை நாங்கள் அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே தாராவியில் செய்தாயிற்று என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். என் மகள் அதுகூடச் செய்யவில்லை. "வாப்பா, சும்மா அளக்காதீங்க" என்றாள். "அளக்கலம்மா, எழுதியே தாரேன்" என்றேன். "எழுதுங்க, படிக்கேன்" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் முடிந்தவரை நேராகவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து பம்பாய்க்கு வந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. முதல் மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். அடுத்த மூன்று வருஷம் நட்டு கழற்றினேன். அதற்கடுத்து நானே ஒரு வண்டியைத் திறந்து மூடலாம் என்று ஆனது. அந்தக் கதைகளில் விசேஷம் ஒன்றும் இல்லை, எல்லா மெக்கானிக்குக்கும் அதே கதைதான். நான் சொல்லவருவது அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது தாராவி மெயின் ரோட்டில் இருந்த எங்கள் காரேஜில் முதலாளிக்கு அடுத்த ஆள் நான்தான். கை நன்றாக ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும்.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர், மைதீன் காக்கா. அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காரேஜில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும் ஒரே மனிதர். சாயங்காலம் வரைக்கும் அது வெள்ளையாகவே இருக்கும், அந்த ரகசியம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வண்டி வந்ததும் நாங்கள் பானெட்டைத் தூக்கப் போவோம். காக்கா டிரைவரை ஸ்டூலில் உட்கார வைத்து டீ வரவழைப்பார். "மொதல்லேருந்து சொல்லு" என்பார். அவன் சொல்லி முடித்ததும் பதில் சொல்லாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். சும்மா இருப்பதை மனுஷனால் தாங்க முடியாது. டிரைவர் இன்னும் நாலு வார்த்தை சொல்லுவான். வேலைக்கு வேண்டிய விஷயம் அந்த நாலு வார்த்தையில்தான் இருக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. டிரைவர் இருமினால்கூட எனக்குக் கை அரிக்கும்.

காக்காவிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை இருந்தது. ரேடியேட்டரைத் திறந்ததும் முதல் தண்ணீரை அந்தக் கோப்பையில் பிடிக்க வேண்டும். எண்ணெய் மிதக்கிறதா, துரு இருக்கிறதா, சேறு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. இது காரேஜின் சட்டம். இந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன்.

அந்த வண்டி மாட்டுங்காவில் இருந்த விஸ்வநாதன் சாருடையது. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய உத்தியோகம். வண்டி சீமையில் செய்தது, கறுப்பு நிறம், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழசு. அதை ஓட்டியவன் செல்லத்துரை, நாங்குநேரிப் பக்கம். தாராவியில் எனக்கு அடுத்த சந்தில் குடியிருந்தான். எங்களுக்குள் மாமா மாப்ளே என்றுதான் பேச்சு. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். "நம்ம பையன் சார், தங்கமான ஆளு" என்று நான் சாரிடம் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தைரியத்தில் அவன் ஊரிலிருந்து பெண்டாட்டியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அப்போதுதான் கூட்டிவந்திருந்தான். பிள்ளைகளை மாட்டுங்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று.

ஒரு புதன்கிழமை செல்லத்துரை வண்டியைக் கொண்டுவந்தான். முகம் செத்துக் கிடந்தது. வண்டி தண்ணீரைக் குடிக்கிறது என்றான். காலையில் ரேடியேட்டரை நிரப்பினால் செம்பூர் போய்த் திரும்புவதற்குள் ஒரு பெரிய செம்பு தண்ணீர் காணாமல் போகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. அந்த மாதத்தில் மட்டும் மூன்று தடவை சயான் பக்கத்தில் ஆவி கக்கி நின்றுவிட்டது.

"சாரு என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"நான் தண்ணி பாக்கதே இல்லன்னு நெனைக்காரு மாமா. வர்ற ஞாயித்துக்கெழம பூனாவுல அவரு மவன் ரவிக்கு நிச்சயதார்த்தம். கண்டாலா காட்ல, அந்த மலை ஏத்தத்துல, வண்டி நின்னுச்சின்னா என் வேல போச்சுன்னு சொல்லிட்டாரு. நீதான் பாத்துக்கணும்."

காக்கா அன்றும் மறுநாளும் காரேஜில் இல்லை. உறவில் ஒரு கல்யாணம், பீவண்டி போயிருந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீயும் இல்லை, ஸ்டூலும் இல்லை, நேராகப் பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன், அதில் குறை சொல்ல முடியாது. வண்டிக்கு அடியில் பழைய தினசரித் தாளை விரித்து எஞ்சினை ஓடவிட்டேன். தாள் நனையவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு, உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகக் கசியும். அது காய்ந்து கிடந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் எண்ணெயில் கலந்திருந்தால் பால்விட்ட காப்பி மாதிரி இருக்கும், அப்படி இல்லை. பிளக்குகளைக் கழற்றினேன், ஈரம் இல்லை. புகையிலும் வெள்ளை இல்லை. எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டும் தப்பு செய்யவில்லை. எங்கேயும் ஒழுகாத தண்ணீர் எங்கேதான் போகும்?

வியாழக்கிழமை காலையில் எனக்கு எரிச்சல் ஏறிவிட்டது. உள்ளே சுத்தம் செய்துவிட்டுப் பார்ப்போம் என்று ரேடியேட்டரைத் திறந்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. கோப்பையைத் தேட நேரமில்லை, அப்படியே கால்வாயில் திறந்துவிட்டேன். வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, எஞ்சினை அரை மணி ஓடவிட்டு, வடிகுழாயை வாளிக்குள் திறந்தேன். அந்தக் காலத்தில் ரேடியேட்டர் கழுவ எல்லோரும் சோடாதான் போடுவோம். வாளியில் வந்த தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு.

துரு என்று முடிவு கட்டினேன். அவ்வளவு துரு வேண்டுமென்றால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் அரித்துப் போயிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்த நிலையிலேயே ஓட்டினால் உள்ளே காற்றுப் பட்டுத்தான் அப்படித் துரு ஏறும். அடைத்துக்கொண்ட எஞ்சின் கொதிக்கிறது, தண்ணீர் ஆவியாகப் போகிறது, அதனால்தான் சொட்டவில்லை. எல்லாம் கணக்காகப் பொருந்தியது. பொருந்திய சந்தோஷத்தில் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் விஸ்வநாதன் சார் ஆபீஸிலிருந்து நேராக காரேஜுக்கு வந்தார். செல்லத்துரையும் பக்கத்தில்தான் நின்றான். "என்னப்பா சாகுல், ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார். நான் வாளியைக் காட்டினேன். "எஞ்சின் உள்ளார துருப்புடிச்சுப் போச்சு சார். பல மாசமா தண்ணி இல்லாமலே ஓடிருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. சார் வாளியைப் பார்த்தார், செல்லத்துரையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு நாங்க டாக்ஸி வெச்சுக்கறோம். செல்லத்துரை, நீ இனிமே வர வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

 செல்லத்துரை ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தால் நானாவது சண்டை போட்டிருப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சந்துக்குள் போய்விட்டான். நான் சோறு தின்னாமல் படுத்தேன். நானே வாங்கிக் கொடுத்த வேலை, என் வாயாலேயே போயிற்று. ஆனாலும் என் முடிவு சரி என்றுதான் நினைத்தேன், அதுதான் கொடுமை.

வெள்ளிக்கிழமை காலை காக்கா வந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "மொதத் தண்ணிய கோப்பையில புடிச்சியால?" என்றார். இல்லை என்றேன். திட்டவில்லை. கோப்பையை எடுத்து வரச்சொல்லி வாளித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். "துருன்னா அடியில தங்கும்லா. இது ஏன் தங்கல?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த வாளி. தண்ணீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் செல்லத்துரை வண்டிக்குள் மாட்டியிருந்த தன் சட்டையை எடுத்துக்கொண்டு போக வந்தான்.  காக்கா எழுந்து போய் வண்டியின் முன் பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கினார். கண் திருஷ்டிக்காகச் செல்லத்துரை சனிக்கிழமைதோறும் மிளகாயோடு சேர்த்துக் கட்டுவது.

"ஐயோ காக்கா, அதத் தொடாதீங்க!" என்று அவன் அலறினான்.

"இனிமே ஒனக்கு என்னல திஷ்டி, வேலதான் போயிட்டே" என்று சொல்லிக்கொண்டே காக்கா அதைப் பாதியாக நறுக்கினார். ஆறு நாள் வாடிய பழம். ஆனாலும் உள்ளே சாறு இருந்தது. கோப்பைக்குள் பிழிந்து விரலால் ஒரு கலக்குக் கலக்கினார்.

சிவப்பு போயிற்று. கோப்பையில் இருந்தது நல்ல மஞ்சள்.

கல்யாண வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைப்பதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சலவை சோடாவும் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடி போடுவது பம்பாய் டாக்ஸிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பொடி ஊறிப்போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், ஒரு வாரம் தாங்கும். முதல் தண்ணீரைக் கோப்பையில் பிடித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

காக்கா செல்லத்துரையை ஸ்டூலில் உட்கார வைத்து டீ சொன்னார். "மொதல்லேருந்து சொல்லு."

"போட்டேன் காக்கா. ஒழுகுதுன்னு தெரிஞ்சா சாரு வண்டிய வித்துருவாரு, வண்டி போனா டிரைவர் எதுக்குன்னு பயந்துட்டேன். சரி, அடைஞ்சிக்கிடும்னு நெனச்சேன்."

காக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ரெண்டே தடவதான் காக்கா. ஒவ்வொரு ஸ்பூனு. எம் புள்ளையளு மேல சத்தியமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மூதி, நேத்தே சொல்லித் தொலச்சிருக்கலாம்லா!" என்று கத்தினேன். "நீ கேட்டியா மாமா?" என்றான்.  நான் கேட்கத்தான் இல்லை.

காக்கா ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, இன்னும் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை, அதைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தொழுகைக்குப் போவதற்காகக் கை கழுவினேன். துணி துவைக்கிற பார் சோப்புதான். நுரையைத் தேய்த்ததும் உள்ளங்கையில் ரேகைக்கு ரேகை சிவப்பு ஓடியது. காலையில் ரேடியேட்டர் மூடியைத் தடவிய கை. கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருந்த மஞ்சளை சோப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. நான் அப்படியே நின்றேன். உள்ளே இருந்தது மஞ்சள் தண்ணீர் என்றால், அது வெளியே வந்த இடத்திலும் மஞ்சள் ஒட்டியிருக்கத்தானே வேண்டும்?

தொழுதுவிட்டு ஓடிவந்தேன். கெட்டியாகச் சோடா கரைத்து, பெயின்ட் அடிக்கிற பிரஷால் எஞ்சினின் மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டே போனேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. முன்பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் புகை வெளியேறும் கனத்த வார்ப்புக் குழாய் எஞ்சினை ஒட்டிப் போகும். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் பிரஷை விட்டேன். கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அழுக்கின்மேல் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. கோட்டின் தலைப்பில் ஒரு தகட்டு மூடி. எஞ்சினை வார்க்கும்போது பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் விடுவார்கள், அவற்றை இப்படித் தகட்டால் அடைத்திருக்கும். நாங்கள் டம்மி என்போம். ஸ்குரூ டிரைவர் முனையை மெதுவாகத்தான் வைத்தேன், அப்பளத்தில் குத்தின மாதிரி உள்ளே போய்விட்டது.

சொட்டாத காரணமும் அதுதான். ஓட்டையிலிருந்து வந்த தண்ணீர் பழுக்கக் காய்ந்த அந்தக் குழாயின்மேல் பட்டு அங்கேயே ஆவியாகிவிட்டது. தாளுக்கு வந்து சேர ஒரு துளிகூட மிஞ்சவில்லை.

செல்லத்துரையும் நானும் வேலையில் இறங்கினோம். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவன் அந்த இரண்டு நாளும் எனக்கு உதவியாக நின்றான். குழாயைப் பிடித்திருந்த நட்டுகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தும் ஒரு போல்ட் முறிந்தது, அதைத் துளை போட்டு எடுத்தோம். அந்தப் பக்கம் இருந்த மூன்று டம்மியையும் தட்டி எடுத்தேன். லேத்துப் பட்டறையில் பித்தளைத் தகட்டில் புதிதாக மூன்று செய்து வாங்கினேன். உட்காரும் விளிம்பை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, வெள்ளீயப் பசை தடவி, குமிழ்ப் பக்கம் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். நடுவில் உருண்டைத்தலைச் சுத்தியால் ஒரே அடி. குமிழ் அமுங்கித் தகடு நாலா பக்கமும் விரிந்து கவ்விக்கொள்ளும். பலமாக அடித்தால் பள்ளம் விழுந்து கவ்வாமல் போகும். காக்கா பின்னால் நின்று, "ஒரு அடிதாம்ல. ரெண்டாவது அடிக்கு எடம் கெடையாது" என்றார். மூன்று டம்மிக்கு மூன்று அடி. ஒன்றுகூடப் பிசகவில்லை, அதை இப்போதும் பெருமையாகச் சொல்லுவேன்.

ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியின் பற்றவைப்பை உருக்கிப் பிரித்தேன். உள்ளே குழாய்களின் வாயெல்லாம் மஞ்சள் களிம்பாக அப்பிக் கிடந்தது. தட்டைக் கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்தோம். ஒரு தட்டு நிறைய வந்தது. காக்கா அதைப் பார்த்தார், செல்லத்துரையைப் பார்த்தார்.

"ரெண்டு ஸ்பூனாடே இது? ஒரு கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஆவும் போலிருக்கே!"

செல்லத்துரை அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "சத்தியமா காக்கா!"

"நீ பொய் சொல்லல. எனக்குத் தெரியுது" என்றார் காக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "துருன்னு சொன்னவன் நீ. மாத்திச் சொல்லுததும் நீயே போய்ச் சொல்லு. காப்பி குடுப்பாவ, குடி. குடிச்சிட்டு, வண்டிக்கி நீங்க என்ன செஞ்சியன்னு சார்ட்ட ஒரே ஒரு தடவ கேளு. கேட்டுட்டு சும்மா இரு. ஒன்னால முடியுமால?"

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி முடிந்தது. ரேடியேட்டர் முகத்தைக் கோணிச் சாக்கால் மூடி, மலை ஏறுகிற சூடு வரும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். சோடா பூசிப் பார்த்தோம், எங்கேயும் சிவப்பு இல்லை. செல்லத்துரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, மாட்டுங்காவுக்குப் போனோம். அவன் மாடிக்கு வரமாட்டேன் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான்.

விஸ்வநாதன் சார் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "சார், நான் அன்னைக்கி சொன்னது தப்பு. துரு இல்ல. செல்லத்துரை தண்ணி பாக்காம ஓட்டல. பொகக் கொழாய்க்குப் பின்னாடி ஒரு மூடி இத்துப்போயி தண்ணி ஆவியாப் போயிருக்கு. இப்ப சரி பண்ணியாச்சு." இந்த ஐந்து வாக்கியத்தைச் சொல்லுவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. எஞ்சினைத் தனியாளாகத் தூக்கியிருந்தால்கூட அவ்வளவு வேர்த்திருக்காது.

"அப்போ அந்தச் சிவப்பு?" என்றார்.

"மஞ்சப்பொடி சார். அடைச்சுக்கிடும்னு செல்லத்துரை ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கான். அது தப்புதான். ஆனா உள்ள இருந்தது ஒரு தட்டு."

சாருடைய வீட்டு மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். "வண்டிக்கி நீங்க என்ன செஞ்சீங்க சார்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு சும்மா இருந்தேன். என் ஆயுசிலேயே கஷ்டமான வேலை அதுதான். நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஊஞ்சல் நின்றது. சார் ஜன்னலைப் பார்த்தார், மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மாமிதான் முதலில் பேசினார்.

"ஏன்னா! மாசா மாசம் மஞ்சப்பொடி டப்பா காலியாறதே, எங்கே போறதுன்னு நானும் தலையைப் பிச்சிண்டிருக்கேன். வேலைக்காரியைக் கேட்டுட்டேன், எலியைக்கூடச் சந்தேகப்பட்டாச்சு. நீங்களா?"

"ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்" என்றார் சார், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர் மாதிரி. "ஞாயித்துக்கிழமைகள்ல நீ கோவிலுக்குப் போறச்சே போட்டேன். காரேஜுக்குக் கொண்டுபோனா வண்டி தேறாதுன்னு சொல்லிடுவா. நீயும் எப்போ எப்போன்னு காத்துண்டிருக்கே, இந்தத் தகரத்தைத் தலைமுழுகுங்கோன்னு. ரவி பொறந்த வருஷம் வாங்கினது. எனக்கு மனசு வரலை."

"அந்த டிரைவர் பாவத்தைக் கொட்டிண்டேளே!" என்றார் மாமி.

சார் எழுந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு மாடிப்படி இறங்கிப் போனார். கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்ற செல்லத்துரையின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தார்.

"நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு வந்துடுப்பா. பூனா போகணும்."

செல்லத்துரை அண்ணாந்து என்னைப் பார்த்தான்.  நான் உள்ளே திரும்பி, காலி டம்ளரை மறுபடியும் எடுத்துக் குடிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

கண்டாலா மலைப்பாதையில் வண்டி நிற்கவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. செல்லத்துரை அந்த வீட்டில் பிறகு பதினாலு வருஷம் இருந்தான், ரவிக்குப் பிறந்த பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான். நானும் அன்றிலிருந்து முதல் தண்ணீரைக் கோப்பையில் பிடிக்காமல் ஒரு வண்டியைத் தொட்டதில்லை. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் ஒருவாறு பழகிக்கொண்டேன், என் வீட்டுக்காரி அதை நம்பமாட்டாள் என்றாலும். ஆனால் என் மனசில் நிற்பது காட் ரோடு இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவில் நடந்ததுதான்.

மலை ஏறப்போகும் வண்டி, கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நானும் ஆறு மணிக்கே போயிருந்தேன். செல்லத்துரை வெளுத்த சட்டை போட்டு, பம்பரில் புது எலுமிச்சம்பழம் கட்டியிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் பலகாரக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். சார் பட்டுவேஷ்டியோடு இறங்கி வந்தார். மூன்று பேரும் ஒன்றாகத்தான் வண்டியின் முன்பக்கம் வந்தோம்.

ரேடியேட்டருக்கு நேர் கீழே, தரையில், சிவப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சு!" என்றார் சார். நான் யோசிக்கவே இல்லை, அப்படியே தரையில் விழுந்து வண்டிக்கு அடியில் தலையை நீட்டினேன். செல்லத்துரையும் அதே நேரம் விழுந்தான். சார் பட்டுவேஷ்டியைச் சுருட்டிக்கொண்டு குனிந்தார். மூன்று மண்டையும் டங்கென்று மோதிக்கொண்டன.

"எழுந்திருங்கோ எல்லாரும்! என்ன கூத்து இது?" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது. மாமி கையில் தாம்பாளத்தோடு நின்றார். "நல்ல காரியத்துக்குக் கிளம்பறோமேன்னு வண்டிக்கு ஆரத்தி சுத்திக் கொட்டினேன். அது ஒரு குத்தமா?"

முதலில் சிரித்தது சார்தான். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. செல்லத்துரை தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு தாம்பாளத்தில் மிச்சமிருந்த ஆரத்தித் தண்ணீரை விரலில் தொட்டு, வழக்கப்படி வண்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைக்கப் போனான்.

சார் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "வேண்டாம்ப்பா, வேண்டாம்! இந்த வண்டிக்கு இனிமே மஞ்சளைக் கண்ணுலயே காட்டாதே."